நாலரையின் மூன்று நாள் துணி

அவருக்கு வலது கையில் ஆட்காட்டி விரல் பாதிதான் உண்டு. அதனால் நாலரை என்று பேர். யார் வைத்தது என்று தெரியாது, ஆனால் தெருவில் எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். அவரே போனை எடுத்தால் "நாலரை பேசுறேன்" என்றுதான் ஆரம்பிப்பார். புது ஆளாக இருந்தால், நான் மணி கேட்கலையே என்று குழம்பிப் போய் வைத்துவிடுவார்கள்.

விரல் எப்படிப் போனது என்று கேட்டால் ரம்பம் வழுக்கிவிட்டது என்பார். சுத்தப் பொய். அண்ணன் தம்பி இரண்டு குடும்பம் இருக்கிற ஒரு வீட்டில் கூடத்துக்கு நடுவே தடுப்பு போட்டுக்கொண்டிருந்தார். உள்ளே ஓரகத்திகள் இரண்டு பேரும் ஒரு குக்கர் மூடிக்காக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். இவர் பார்வை அங்கே, கை இங்கே. பலகை அறுத்து முடிந்தது தெரியாமல் மேற்கொண்டும் அறுத்துவிட்டார். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போகிற வழியில், "கடைசியில மூடி யாருக்குப் போச்சு?" என்று கேட்டாராம். அவ்வளவு வேடிக்கைப் பிரியர். விரல் பாதியானது, புத்தி மட்டும் குறையவே இல்லை.

ஒரு அறையை இரண்டாக்குவது அவர் தொழில். சுவர் எழுப்ப மாட்டார், அதற்குக் கொத்தனார் இருக்கிறார். இவர் வேலையெல்லாம் பிளைவுட் தடுப்பு, கண்ணாடித் தடுப்பு, மடக்கித் திறக்கிற தட்டி, இரண்டு பக்கமும் புத்தகம் வைக்கிற அலமாரி, கம்பியில் ஓடுகிற கனத்த திரை. ஏழு பிள்ளைகள் ஒரே அறையில் வளர்ந்த வீட்டில் அவர் ஐந்தாவது. பத்து வயதில் ஒருநாள் துணி பீரோவைச் சுவரிலிருந்து நகர்த்தி, குறுக்கே நிறுத்தி, பின்னால் போய்ப் படுத்துக்கொண்டார். அதுதான் முதல் தடுப்பு. அரை மணி நேரத்தில் மீதி ஆறு பேரும் அந்தப் பக்கமே வந்து அடைந்துவிட்டார்கள் என்பது வேறு விஷயம்.

தொழிலில் அவர் கெட்டிக்காரர், அதை மறுக்க முடியாது. மற்றவர்கள் டேப்பை எடுத்துக்கொண்டு வருவார்கள். இவர் ஒரு கயிறும், கெட்டியான இரண்டு வெள்ளைத் துணியும் கொண்டுவருவார். தடுப்பு வரவேண்டிய இடத்தில் எதிரெதிர்ச் சுவரில் இரண்டு ஆணி அடித்து, கயிறு கட்டி, துணி இரண்டையும் நடுவில் விளிம்பு சேருகிற மாதிரித் தொங்கவிடுவார்.

"மூணு நாள் இதோட இருந்து பாருங்க. நாலாவது நாள் வரேன். துணி எந்த இடத்துல அழுக்காகுதோ அந்த இடத்துல வாசல்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்.

வாடிக்கையாளர் கத்துவார், "எனக்கு வாசல் இடது பக்கம்தான் வேணும், எழுதித் தரேன்!" என்று. நாலாவது நாள் வந்து பார்த்தால் இடது பக்கம் துணி சலவை செய்த மாதிரி இருக்கும், வலது பக்கம் வீட்டில் இருக்கிற அத்தனை கையும் பதிந்திருக்கும். சமையலறை அந்தப் பக்கம்தானே! மனுஷன் வாயால் ஒன்று சொல்வான், கை வேறொன்று செய்யும். நாலரை கையைத்தான் நம்புவார். அவர் போட்ட தடுப்பில் இதுவரை ஒருத்தரும் வாசலை மாற்றவில்லை.

இப்பேர்ப்பட்டவர் வீட்டில் தடுப்பு உண்டா என்று கேளுங்கள். கிடையாது! நீளமாக ஒரே கூடம். தெருப் பக்கம் ஜன்னலோரம் அவர் மனைவியின் தையல் மெஷின். உள்பக்கம் ஒரு சோபா. நடுவில் வெறும் காற்று.

மனைவியைத் தெருவே தையலக்கா என்று கூப்பிடும். கை சுத்தம், வாய் அதைவிடச் சுத்தம், ஒரு வார்த்தை அதிகம் பேச மாட்டாள். பிள்ளைகள் இரண்டு பேரும் வேலை கிடைத்த ஊரோடு போய்விட்ட பிறகு, பகல் முழுவதும் மெஷின் சத்தமும் வருகிற பெண்களின் பேச்சும்தான் அந்த வீட்டில். பதினாலு வருஷமாக அவள் கேட்டது ஒன்றே ஒன்று.

"ஏங்க, நடுவுல ஒரு தடுப்பு போட்டுக் குடுங்க. அளவு எடுக்க வர்றவங்க கூச்சப்படுறாங்க."

"போடுவோம், போடுவோம். மரம் இன்னும் காயல."

பதினாலு வருஷம் காயாத மரம் எந்தக் காட்டில் இருக்கிறதோ! பிறகு கூடம் சின்னதாகத் தெரியும் என்றார். அப்புறம் காற்று வராது என்றார். ஒரு வருஷம் ஆணி நல்லதாகக் கிடைக்கவில்லை என்று கூடச் சொன்னார்.

உண்மை என்னவென்றால், மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்து அந்த சோபாவில் பேப்பரை விரித்துக்கொண்டு உட்காருவது அவருக்கு உயிர். பேப்பர் முகத்துக்கு முன்னால் இருக்கும், காது மெஷின் பக்கம் இருக்கும். யார் வீட்டு மருமகள் கோபித்துக்கொண்டு போனாள், யார் சம்பந்தம் முறிந்தது, எல்லாம் அங்கே வரும். நடுநடுவே மனைவி நூலைப் பல்லால் கடித்துக்கொண்டே தலையைத் தூக்கி ஒரு பார்வை பார்ப்பாள். அந்தப் பார்வைக்கும் சேர்த்துத்தான் அவர் அங்கே உட்கார்ந்திருந்தார். இதை மட்டும் கழுத்தில் கத்தியை வைத்தாலும் சொல்ல மாட்டார்.

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருந்தால் இன்னும் பதினாலு வருஷம் ஓட்டியிருப்பார். விதி யாரை விட்டது? பக்கத்துத் தெருப் பள்ளிக்கூடத்தின் தலைமை ஆசிரியை, எல்லோருக்கும் பெரிய டீச்சர், புது ரவிக்கைக்கு அளவு கொடுக்க வந்தார். தையலக்கா டேப்பைச் சுற்றி, தனக்கு ஞாபகம் இருப்பதற்காக மெதுவாகச் சொன்னாள்.

"இடுப்பு முப்பத்தெட்டு."

பேப்பருக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது, "போன வருஷம் முப்பத்தாறு இல்ல?"

பெரிய டீச்சர் துணியைச் சுருட்டிக் கையில் எடுத்துக்கொண்டார், செருப்பை மாட்டிக்கொண்டார், போய்விட்டார்.

தையலக்கா டேப்பைச் சுருட்டி வைத்தாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் அவர் சமாளித்திருப்பார்.

"ரெண்டு தெரு தள்ளி ஒரு கடை காலியா இருக்கு. ஒண்ணாம் தேதி சாவி தரேன்னாங்க. மெஷினை அங்க கொண்டுபோறேன். காலையில ஒம்பதுக்குப் போனா ராத்திரி எட்டுக்குத்தான் வருவேன். சோறு மூடி வெச்சிருக்கும், நீங்களே போட்டுச் சாப்பிடுங்க."

"அதுக்கு எதுக்கு அவ்வளவு தூரம்? நான் தடுப்பு போடுறேன்."

"ஒண்ணாம் தேதிக்குள்ள போட்டா இருக்கேன். போடலன்னா போறேன். அவ்வளவுதான்."

நாலரை மெஷின் இல்லாத கூடத்தை நினைத்துப் பார்த்தார். சோபா இருக்கும், பேப்பர் இருக்கும், கேட்பதற்கு ஒரு சத்தம் இருக்காது. தடுப்பு போட்டால் அவள் மறைந்துபோவாள், போடாவிட்டால் வீட்டை விட்டே போவாள். இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு முழித்தார். முழித்ததோடு விட்டாரா? குறுக்குப் புத்தி வேலை செய்ய ஆரம்பித்தது.

மறுநாளே ஒரு அலமாரியைத் தூக்கிக்கொண்டு வந்து நடுவில் நிறுத்தினார். அழகான அலமாரி, மெருகு ஏற்றி, ஆறு அடுக்கு. பின்பக்கம் மட்டும் பலகை கிடையாது. சோபாவில் உட்கார்ந்தால் மூன்றாவது அடுக்கு வழியாக மெஷின் பளிச்சென்று தெரிந்தது.

"இதுக்குப் பேர் திறந்த அலமாரி. இப்ப எல்லா ஆபீஸ்லயும் இதுதான்" என்றார்.

தையலக்கா அந்தப் பக்கம் போனாள். மூன்றாவது அடுக்கு வழியாகக் கை வந்தது, அவர் காதைப் பிடித்துத் திருகியது, திரும்பிப் போனது. அலமாரியும் போனது.

அடுத்து தொட்டிச் செடி. மரச் சட்டத்தில் வரிசையாக எட்டுத் தொட்டி. "பசுமையா இருக்கும், கண்ணுக்குக் குளுமை" என்றார். செடி ஒவ்வொன்றும் விரல் நீளம், அதுவும் அவருடைய ஆட்காட்டி விரல் நீளம். "வளர்ந்து மறைக்கிறதுக்குள்ள நான் பேரன் பேத்தி எடுத்துடுவேன்" என்று சொல்லிவிட்டு அவள் தொட்டிகளை மாடிக்கு ஏற்றச் சொன்னாள். எட்டையும் அவரே ஏற்றினார்.

மூன்றாவதாக ஒரு கண்ணாடித் தடுப்பு. பனி படிந்த மாதிரி வெள்ளையாக இருந்தது. அதில் தையலக்கா குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் ஈரத் துணியால் துடைத்தபோது, சோபாவுக்கு நேராக உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளை கரைந்து துணியோடு வந்தது. அந்த இடத்துக்கு மட்டும் புண்ணியவான் சுண்ணாம்பு தடவி வைத்திருந்தார்!

"உங்க தில்லாலங்கடி வேலை எல்லாம் ஊர்ல வெச்சுக்குங்க" என்றாள். அன்றைக்குச் சாயங்காலம் அவர் வேலை முடிந்து வந்தபோது, கூடத்துக்குக் குறுக்கே கயிறு கட்டியிருந்தது. அவர் பையிலிருந்து எடுத்த அவருடைய துணிதான், இரண்டும் நடுவில் விளிம்பு சேர்ந்து தொங்கின. வெள்ளைவெளேரென்று துவைத்து வேறு போட்டிருந்தாள்.

துணிக்குப் பின்னாலிருந்து குரல் மட்டும் வந்தது. "ஊருக்கெல்லாம் சொல்ற சட்டம் உங்களுக்கும்தான். மூணு நாள். நாலாவது நாள் பெரிய டீச்சர் வந்து பாப்பாங்க. நானே போய்க் கையைப் பிடிச்சுக் கூப்பிட்டிருக்கேன். துணியில உங்க பக்கம் அழுக்கு இருந்துச்சுன்னா, நீங்க எட்டிப் பாத்தீங்கன்னு அர்த்தம். நான் கடைக்குப் போயிடுவேன். அப்புறம் இன்னொண்ணு, துணி வழியா பேச்சும் கூடாது. வர்றவங்க பேசினா நடுவுல வாயைத் திறக்கவே கூடாது."

"வாசக் கதவு வழியா வரலாமா?"

"கொல்லைப் பக்கமா சுத்திக்கிட்டு வாசல் வழியா வந்து சோறு வாங்கிக்கலாம்."

முதல் நாள் அவர் தாக்குப்பிடித்தார், மத்தியானம் மூன்று மணி வரைக்கும். மூன்று மணிக்கு யாரோ ஒரு பெண் வந்து, "அக்கா, விஷயம் தெரியுமா உங்களுக்கு?" என்று ஆரம்பித்து, குரலைத் தாழ்த்திவிட்டாள். குரலைத் தாழ்த்தினால் மனுஷன் என்னதான் செய்வார்? நுனிக்காலில் போய், துணி சேருகிற இடத்தில் உள்ளங்கையால் லேசாக ஒதுக்கி, ஒரு கண்ணை வைத்தார். அந்த மூன்று நாளும் காலையில் ஒரு டாக்டர் வீட்டுத் தட்டிக்கு வார்னிஷ் அடித்துவிட்டுத்தான் வந்தார். கையை மண்ணெண்ணெய் போட்டுத்தான் கழுவினார், ஆனாலும் போகவில்லை.

இரண்டாம் நாள் நாலு தடவை. மூன்றாம் நாள் கணக்கில்லை. மூன்றாம் நாள் வாடிக்கை யாருமே வரவில்லை, மெஷினும் அவளும் மட்டும்தான். அப்படியும் போய்ப் போய்ப் பார்த்தார். அவள் குனிந்து தைத்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவே இல்லை. அந்தப் பார்வை கிடைக்காமல் அவருக்கு என்னவோ செய்தது. திரும்பி வந்து சோபாவில் குப்புறப் படுத்துக்கொண்டார். மூன்று நாளும் மூச்சு விடுகிற சத்தம் கூடக் கேட்காமல் இருந்தார், பேசினால் மாட்டிக்கொள்வோம் என்ற பயம்தான்.

நாலாவது நாள் காலை வெளிச்சம் சரியாக வருவதற்கு முன் எழுந்து துணிப் பக்கம் போய்ப் பார்த்தவருக்குப் பகீரென்றது. நடுவிளிம்பை ஒட்டி, உட்கார்ந்த உயரத்தில், நின்ற உயரத்தில், குனிந்த உயரத்தில், பழுப்புப் பழுப்பாகக் கை. எண்ணக் கூட முடியாது. துவைக்க நேரமில்லை, வார்னிஷ் துவைத்தாலும் போகாது. குளியலறையில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. இதை விட்டால் நேரம் கிடையாது.

தொழில் தெரிந்த மூளை அல்லவா? ஸ்டூலைப் போட்டு ஏறினார். கயிற்றின் இந்த முனையைக் கழற்றி அந்த ஆணியில், அந்த முனையைக் கழற்றி இந்த ஆணியில் மாட்டினார். துணி இரண்டும் அப்படியே முகம் திரும்பிவிட்டன. அவர் பக்க அழுக்கு அவள் பக்கம் போனது, அவள் பக்கச் சுத்தம் இவர் பக்கம் வந்தது. மூக்குக் கண்ணாடி சட்டைப் பையில், சட்டை உள்ளறை ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. கண்ணுக்குத் தெரிந்த வரையில் துணி வெள்ளையாகத்தான் இருந்தது. ஒன்றும் தெரியாத பாப்பா மாதிரி போய்ப் படுத்துக்கொண்டார்.

பத்து மணிக்குப் பெரிய டீச்சர் வந்தார். முப்பது வருஷமாகப் பரீட்சை அறையில் காப்பி அடிக்கிறவர்களைப் பிடித்த கண் அது. தையலக்கா பக்கம் நின்று துணியை மேலிருந்து கீழே பார்த்தார்.

"என்னம்மா இது, உன் பக்கம்தானே இவ்வளவு அழுக்கா இருக்கு?"

"அதான் நானும் பாத்தேன். குளிச்சிட்டு வந்ததிலிருந்து இப்படித்தான் இருக்கு."

"பாத்தீங்களா டீச்சர்!" என்று சுற்றிக்கொண்டு ஓடிவந்தார் நாலரை. "எட்டிப் பாத்தது யாருன்னு இப்பத் தெரிஞ்சுதா? நான் பாவம், மூணு நாளா பேப்பர்தான் படிச்சேன்."

பெரிய டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். ஒரு கைப்பதிவுக்குப் பக்கத்தில் குனிந்து, வாய்விட்டு எண்ணினார்.

"ஒண்ணு... ரெண்டு... மூணு... நாலு..." கொஞ்சம் நிறுத்தினார். "நாலரை."

இன்னொரு பதிவை எண்ணினார். அதுவும் நாலரை.

"கையை நீட்டுங்க" என்றார். ஐம்பத்தெட்டு வயது மனுஷன், ஒன்றாம் வகுப்புப் பையன் மாதிரி நீட்டினார். நகக்கண்ணில் வார்னிஷ் இன்னும் இருந்தது.

தையலக்காவுக்கு மூச்சு வாங்கியது. "துணியையே திருப்பிப் போட்டிருக்காரு டீச்சர்! உங்க கண் முன்னாடி என் தலையில கட்டப் பாக்குறாரு! இவரோட மனுஷி குப்பை கொட்ட முடியுமா? நான் இன்னிக்கே போய்ச் சாவியை வாங்கிடுறேன்."

"இரு, இரு. விடைத்தாளை ரெண்டு பக்கமும் பாத்துத்தான் மார்க் போடணும்" என்று சொல்லிக்கொண்டே பெரிய டீச்சர் துணியை விலக்கி சோபாப் பக்கம் போனார். பிறகு அங்கிருந்தே கேட்டார்.

"தையல்காரம்மா, துணியைத் திருப்பிப் போட்டாருன்னா, இந்தப் பக்கம் மூணு நாளா உன் பக்கமா இருந்தது. சரிதானே?"

"ஆமா டீச்சர். சுத்தமா இருக்கும், பாருங்க."

"சுத்தமாத்தான் இருக்கு. நடு விளிம்புல மட்டும் நீலமா விரல் பட்ட மாதிரி இருக்கு. ஒண்ணு ரெண்டு இல்ல, பத்துப் பன்னண்டு. அஞ்சும் முழு விரல். நீ துணியில கோடு போடுற சாக்பீஸ் என்ன கலர்?"

தையலக்கா மெஷினில் போய் உட்கார்ந்து ஊசியில் நூல் கோக்க ஆரம்பித்தாள். நூல் ஏற்கெனவே கோத்துத்தான் இருந்தது.

நாலரை ஓடிப்போய்ச் சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு வந்து பார்த்தார். நீலம்தான். அவர் கை வைத்த அதே உயரம், அதே விளிம்பு. துணிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக இரண்டு பேரும் ஒரே இடத்தில் கை வைத்திருந்தார்கள். ஒரே நேரத்தில் வைத்திருந்தால் முட்டிக்கொண்டிருப்பார்கள்.

"நீ எதுக்கு எட்டிப் பாத்த?" என்று கேட்டார். கிண்டலாகக் கேட்கத்தான் வாயைத் திறந்தார், குரல் கிண்டலாக வரவில்லை.

"தூங்குறீங்களா, செத்துத்தான் போயிட்டீங்களான்னு பாத்தேன்" என்றாள் அவள் ஊசியைப் பார்த்துக்கொண்டே. "முப்பது வருஷமா தொணதொணன்னு பேசுற வாய். மூணு நாளா ஒரு சத்தம் இல்ல. ஒரு இருமல் கூட இல்ல. எனக்கு ஒரு தையல் நேரா வரல, தெரியுமா? எல்லாத்தையும் பிரிச்சுத் திரும்பத் தைச்சேன்." அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அதற்கும் அவர் மேலேயே கோபப்பட்டாள். "நீங்கதான் பேசக் கூடாதுன்னா பேசாம இருக்கிற ஆளா? எதையாவது சொல்லித் தொலைச்சிருக்கலாம் இல்ல?"

நாலரை, அழுதுவிடுவோமோ என்று பயந்து, தலையைக் குனிந்து இல்லாத டேப்பை மடியில் தேடினார்.

பெரிய டீச்சர் துணியை விலக்கி மெஷின் பக்கம் வந்தார். "ரெண்டு பேரும் காப்பி. ரெண்டு பேரும் ஃபெயில்" என்றார். "உங்க சட்டப்படி என்ன செய்யணும்? அழுக்கான இடத்துல வாசலா? வாசலெல்லாம் வேண்டாம், எனக்கு அளவு எடுக்கணும். ஒரு சின்ன ஜன்னல் வெச்சுக்குங்க. கதவு போட்டது."

ஒண்ணாம் தேதிக்கு முந்தின நாள் தடுப்பு நின்றது. தரையிலிருந்து தலைக்கு மேல் ஒரு முழம் வரை, அசல் மரம், காய்ந்த மரம். நடுவில், கை பதிந்த உயரத்தில், ஒரு புத்தகம் அகலத்துக்கு ஜன்னல். கடைச் சாவி வேண்டாம் என்று தையலக்காவே சொல்லி அனுப்பிவிட்டாள்.

அன்றைக்குப் பெரிய டீச்சருக்கு மறுபடி அளவு. தையலக்கா ஜன்னலைச் சாத்தி, தாழ்ப்பாளைப் போட்டு, டேப்பைச் சுற்றி, காதோடு காதாகச் சொன்னாள். தடுப்புக்கு அந்தப் பக்கம் யாரோ இருமினார்கள், இரண்டு தடவை.

"முப்பத்தெட்டுதான்யா! அப்படியேதான் இருக்கு!" என்று கத்தினார் பெரிய டீச்சர்.

டீச்சர் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலைத் தாண்டவில்லை, அதற்குள் தாழ்ப்பாள் விலகுகிற சத்தம் கேட்டது. திறந்தது தையலக்காதான்.

"கேட்டுச்சா?" என்றாள் ஜன்னல் வழியாக. "நாப்பது. முப்பத்தெட்டுன்னு சொல்லிட்டு நாப்பதுக்குத் தைக்கப் போறேன். வாயைத் திறந்தீங்க, கொன்னுடுவேன்."